காற்றுக்கு உறை செய்தவர்

பதுளைப் பசார் வீதியில் துவிச்சக்கர வண்டிச் சாமான் வாங்கப் போகின்றவன் கேட்கும் பொருள்கள் பெரும்பாலும் மூன்று: டயர், டியூப், வால்வின் மேல் இழுத்துப் போடும் சிறு றப்பர்க் குழாயாகிய வால் டியூப். இம்மூன்றையும் கையிலே வாங்கிப் பார்த்தால், விலைக்குரிய பொருளாக அவற்றில் இருப்பது றப்பரும் நூல்துணியும் சிறிது கம்பியுமே. வண்டியையும் அதன்மேல் ஏறியிருப்பவனையும் தாங்கப்போவதோ அவற்றுள் எதுவும் அன்று. விலையின்றிக் கிடைக்கும் காற்றே தாங்குகிறது. காற்றை ஒரு சில்லைச் சுற்றி அடைத்து, அதன்மேல் மனிதனை ஏற்றிவிடலாம் என்று உலகம் ஏற்கும்படி செய்துகாட்டிய ஒருவரின் வாழ்க்கையை இவ்வாரம் எழுத விரும்புகிறேன். அவர் பெயர் ஜோன் பொய்ட் டன்லொப்.

ஊவாத் தோட்டங்களில் என் இளமைக் காலத்திலே இந்தப் பெயர் பலருக்கும் பழகிய பெயர். கணக்கப்பிள்ளையும், தபாற்காரரும், தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியரும் டயரின் விலாவிலே புடைத்து நின்ற எழுத்துக்களில் அதனை வாசித்தார்கள். எழுத்தறியாத என் பாட்டனாருங்கூட அப்பெயரைச் சொல்லித்தான் டயர் கேட்பார். ஆயினும் அது ஒரு கம்பெனியின் பெயர் என்ற அளவிலேதான் எங்களுக்குத் தெரியும். குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்த, நீண்ட தாடி வைத்த, கூச்ச சுபாவமுள்ள ஒரு மனிதரின் பெயர் அது என்பதைப் புத்தகங்களின் வாயிலாகவே பின்னர் நான் அறிந்தேன்.

டன்லொப் 1840 ஆம் ஆண்டு பெப்ரவரி 5 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் எயர்ஷயர்ப் பகுதியிலுள்ள ட்ரெகோர்ன் என்னும் கிராமத்திலே, உழவர் குடும்பமொன்றிற் பிறந்தார். தாம் இரண்டு மாதங்கள் முந்திப் பிறந்த பிள்ளை என்று வீட்டார் சொல்லக் கேட்டு வளர்ந்தவராதலின், உடம்பை வருத்தும் எந்தக் காரியத்தையும் வாழ்நாள் முழுவதும் தவிர்த்தே வந்தார். வண்டியோட்டப் பந்தயங்களின் போக்கையே மாற்றப்போகின்றவர் இப்படி ஒதுங்கி வாழ்ந்தார் என்பது வியப்பே. எடின்பரோவில் மிருக வைத்தியம் பயின்று, பத்தொன்பதாம் வயதிலேயே தேறினார். 1867 இல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்து டவுன்பற்றிக் நகரில் தொழில் தொடங்கினார்.

அந்த 1867 ஆம் ஆண்டை இலங்கை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜேம்ஸ் டெயிலர் என்னும் இன்னொரு ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டது அவ்வாண்டிலேயே. ஒருவர் மலையிலே செடி நட்டார். மற்றவர் கடலுக்கப்பால் குதிரையின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருடைய கைவேலையும் பின்னாளில் எங்கள் மக்களின் வாழ்விலே வந்து கூடின.

டன்லொப் பின்னர் பெல்பாஸ்ட் நகரின் மே வீதியில் தமது வைத்தியசாலையை நடத்தினார். அது அயர்லாந்தின் மிகப் பெரிய மிருக வைத்திய நிலையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. தொழிலுக்கு வேண்டிய சில கருவிகளை அவர் றப்பரினால் தாமே செய்துகொள்வதுண்டு. ஆகவே றப்பர்த் தகட்டை வெட்டுவதும் ஒட்டுவதும் அவர் கைகளுக்குப் பழகியிருந்தன. இதை நான் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணமுண்டு. புதியது கண்டவர்களின் கதைகளை நாம் சொல்லும்போது, மின்னல்போல் ஓர் எண்ணம் வந்தது என்று முடித்துவிடுகிறோம். எண்ணம் வந்த வேளையில் அதனைச் செய்து பார்க்கக் கையும் பழகியிருந்தது என்பதை விட்டுவிடுகிறோம்.

1887 ஆம் ஆண்டில் அவருடைய சிறு மகன் ஜோனி ஒரு மூன்றுசில்லு வண்டி வைத்திருந்தான். அக்காலத்துச் சில்லுகளுக்குக் கட்டியான றப்பர் வளையமே பூட்டப்பட்டிருந்தது. பெல்பாஸ்டின் கருங்கல் பாவிய தெருக்களில் அவ்வண்டி பிள்ளையின் உடலைக் குலுக்கி எடுத்தது. தந்தை ஒரு வட்டமான மரப்பலகையை எடுத்தார். மெல்லிய றப்பர்த் தகட்டை ஒட்டிக் குழாயாக்கி, அதனைப் பலகையின் விளிம்பிலே சுற்றி, மேலே துணியுறை போட்டு ஆணியால் இறுக்கினார். பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் அதற்குக் காற்றடித்தார். பின்பு வண்டியின் கட்டி றப்பர்ச் சில்லைக் கழற்றி முற்றத்திலே உருட்டிவிட்டார். அது பாதி வழியிலே சாய்ந்து விழுந்தது. காற்றடைத்த பலகையை அதேபோல் உருட்டினார். அது முற்றத்தின் கோடிவரை ஓடி, அங்கேயிருந்த கம்பத்தில் மோதித் திரும்பித் துள்ளியது. குலுக்கத்தைக் குறைக்க முயன்றவருக்குக் குறைந்த பலத்தில் அதிக தூரம் ஓடும் சில்லு கிடைத்துவிட்டது.

1888 டிசம்பர் 7 ஆம் திகதி அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. 1889 மே 18 ஆம் திகதி பெல்பாஸ்ட் குயின்ஸ் கல்லூரியின் விளையாட்டுப் போட்டியிலே வில்லி ஹியூம் என்ற ஓட்டவீரர் இப்பருத்த டயர்களோடு களத்தில் இறங்கினார். டயரைக் கண்டு நகைத்தவர்கள், அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பந்தயங்களை வென்றபோது வாயடைத்து நின்றார்கள். தோற்ற ஓட்டவீரர்களின் தந்தையும் டப்ளின் நகரத்து வர்த்தகருமான ஹார்வி டு குரோஸ், தோல்வியிலேயே லாபத்தின் வாசனையைக் கண்டுகொண்டார். அவ்வாண்டின் இறுதியிலேயே டப்ளினில் கம்பெனி தோன்றியது. டன்லொப் தமது உரிமையைச் சிறு தொகைக்கும் சில பங்குகளுக்குமாகக் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஆண்டிலே இடி விழுந்தது. காற்றடைத்த சில்லுக்கு 1845 ஆம் ஆண்டிலேயே ரொபர்ட் வில்லியம் தொம்சன் என்பவர் காப்புரிமை பெற்றிருந்தார் என்பது வெளியாயிற்று. அவரும் ஒரு ஸ்கொட்லாந்துக்காரரே. தோலுறைக்குள் றப்பர் துணிக்குழாயை வைத்துக் குதிரை வண்டிகளுக்குப் பூட்டி, 1847 இல் லண்டனில் ஓட்டியும் காட்டியிருந்தார். துவிச்சக்கர வண்டி பெருகாத காலமாதலின் அதற்கு வாங்குவோர் இல்லாமற் போயிற்று. தொம்சன் 1873 இல் இறந்தார். டன்லொப் அவரைப் பற்றி அறியாமலே தமது டயரைச் செய்தவர். ஆயினும் சட்டத்தின்முன் முந்தியவரே முந்தியவர். டன்லொப்பின் காப்புரிமை செல்லாததாயிற்று.

கம்பெனியைக் காப்பாற்றியவை வேறு சிலருடைய கண்டுபிடிப்புக்கள். டன்லொப்பின் முதல் டயர் சில்லோடு சேர்த்து ஒட்டிச் சுற்றப்பட்டிருந்தது. முள் குத்தினால் ஒட்டியதையெல்லாம் பிய்த்தெடுக்க வேண்டும். 1890 இல் சார்ள்ஸ் வெல்ச் என்பவர் டயரின் இரு ஓரங்களிலும் கம்பி வைத்து, ரிம்மின் பள்ளத்திலே உட்காரும்படி அமைத்தார். அவ்வாண்டிலேயே பார்ட்லெட் என்பவர் ரிம்மின் மடிப்பைக் கவ்விக்கொள்ளும் டயரைச் செய்தார். 1891 இல் உட்ஸ் என்பவர் வால்வை அமைத்தார். டு குரோஸ் வெல்ச்சினதும் பார்ட்லெட்டினதும் உரிமைகளை வாங்கிக் கம்பெனியை நிலைநிறுத்தினார்.

இவர்களுடைய வேலையை நூல்களில் தேடவேண்டியதில்லை. பழைய சைக்கிளுக்குப் புது டயர் பூட்டிப் பார்ப்பவர் அதனைத் தம் பெருவிரலாலேயே உணரலாம். முதலில் ரிம்முக்குள் நீண்டிருக்கும் கம்பி முனைகளை மூடும் நாடா சரியாயிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். டயரின் ஓர் ஓரத்தை ரிம்மிற்குள் இட்டு, டியூப்பிற்குச் சிறிது காற்றடித்து உருவம் வரச் செய்து, வால்வைத் துளையிற் செருகவேண்டும். பிறகு மற்ற ஓரத்தை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி இரு பக்கமும் பெருவிரலால் தள்ளிக்கொண்டு வந்தால், இறுதியில் வால்வின் அருகே அது முடியும். ஓரத்துக் கம்பியை ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கிவைத்தால் கடைசிச் சாண் எளிதாக ஏறும். கம்பி நீளாது, பள்ளமே இடங்கொடுக்கிறது. வெல்ச் கண்ட தந்திரம் அதுவே. நெம்புகோலால் முரட்டுத்தனமாய் ஏற்றினால் புது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் இடையில் நசுங்கி, முதற் காற்றிலேயே வெடிக்கும்.

வால்வின் கதையும் அப்படியே. அதன் உள்தண்டின் பக்கத்திலுள்ள சிறு துளையை வால் டியூப் இறுகப் பற்றி மூடியிருக்கிறது. பம்பின் காற்று உள்ளிருந்து தள்ளும்போது றப்பர் சற்றே விரிந்து வழிவிடும். டியூப்பினுள் அடைபட்ட காற்று அதே றப்பரை வெளியிலிருந்து அழுத்தி வழியை அடைத்துவிடும். வேறு காவலாளி வேண்டுவதில்லை. உட்ஸ் செய்த இவ்வால்வையும் பலர் டன்லொப் வால்வு என்றே அழைக்கிறார்கள்.

இவை சிறு காரியங்கள் என்று சமவெளியில் இருப்போர் எண்ணலாம். சுமார் 1,200 மீற்றர் உயரத்திலுள்ள பண்டாரவளையிலிருந்து, தெமோதரை, ஹாலிஎல வழியாகச் சுமார் 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளைக்குச் சைக்கிளில் இறங்கியவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் தேயிலைச் சரிவு, பின்னால் கரியரிலே அரிசி மூட்டை. அந்த வளைவுகளில் மனிதனின் உயிர், விரலகலக் காற்றின் மேலும் பிரேக் கட்டையின் மேலுமே இருக்கிறது.

டன்லொப்பின் பிற்கால வாழ்வு அமைதியும் மனத்தாங்கலும் கலந்தது. டப்ளினுக்குக் குடிபோனவர், டு குரோஸோடு ஒத்துப்போகாமல், 1890 களின் நடுவிலே கம்பெனியிலிருந்து விலகினார். 1896 இல் அக்கம்பெனி 30 இலட்சம் பவுணுக்கு விற்கப்பட்டது. வாங்கிய ஹூலி என்னும் வணிகர் அதனை 50 இலட்சம் பவுண் முதலுடைய கம்பெனியாக மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தார். அப்பெருஞ் செல்வம் டன்லொப்பின் வாசலுக்கு வரவில்லை. துணிக்கடை வியாபாரமொன்றிற் பங்கு கொண்டு அவர் அடக்கமாக வாழ்ந்தார். கம்பெனி விளம்பரங்களில் அவருடைய தாடி முகத்தை ஒரு பகட்டுக்காரரின் உடம்பிலே பொருத்தி, உயர்ந்த தொப்பியோடு சித்திரித்தபோது அவர் மனம் நொந்து எதிர்ப்புத் தெரிவித்தார். பெயர் கம்பெனிக்கு உரியதாகிவிட்டது. முகமாவது தமக்கு மிஞ்சவேண்டும் என்று அவர் நினைத்திருந்தால் அதில் தவறென்ன? டயரின் வரலாற்றைத் தாமே எழுதிவைத்தார். 1921 ஒக்டோபர் 23 ஆம் திகதி டப்ளினில் அவர் மறைந்த பின்னரே அந்நூல் வெளிவந்தது. பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1924 இல். பிற்காலத்தில் வட அயர்லாந்தின் நோர்தர்ன் வங்கி தனது 10 பவுண் தாளிலே அவர் முகத்தை அச்சிட்டது.

இந்த வரலாற்றை இங்கேயே முடித்துவிட என் மனம் இடந்தரவில்லை. டயர் பெருகியதும் உலகம் றப்பருக்காக அலைந்தது. கொங்கோவில் லியோபோல்ட் மன்னரின் ஆட்சியிலே, காட்டுறப்பர் போதிய அளவு கொண்டுவராத மக்கள் அடிக்கப்பட்டார்கள், அங்கஹீனமாக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். டப்ளினிற் பிறந்த ரோஜர் கேஸ்மென்ட் என்பவரின் அறிக்கை 1904 இல் அதனை உலகுக்கு அறிவித்தது. மறுபுறம், 1876 இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளில் முளைத்த கன்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு வந்து, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டிருந்தன. அவை வளர்ந்து தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து கப்பலேறிய எம்மவர் இலங்கையிலும் மலாயாவிலும் அம்மரங்களின் அடியிலே விடியுமுன் நின்றார்கள். ஊவாவிலும் மேல்மலையிலே தேயிலையாக இருப்பது, மொனராகலைப் பக்கம் இறங்கினால் றப்பராக மாறுகிறது. 1952 இல் சீனாவோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, அந்தப் பாலே கப்பலேறி அரிசியாகத் திரும்பி வந்தது.

தமது மகனின் உடல் குலுங்காதிருக்க டயர் செய்த டன்லொப்பைக் கொங்கோவின் கொடுமைக்குப் பொறுப்பாளியாக்குவது நீதியன்று. ஆனால் ஒரு பொருளின் வரலாறு அதனைச் செய்தவரின் வீட்டு முற்றத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. காற்றுச் சில்லை முதலில் நினைத்தவர் தொம்சன்; உலகம் ஏற்கச் செய்தவர் டன்லொப்; விற்றவர் டு குரோஸ்; பூட்டவும் கழற்றவும் வழி செய்தவர்கள் வெல்ச், பார்ட்லெட், உட்ஸ்; மரத்தைக் கீறிப் பாலெடுத்தவர்கள் பெயர் எழுதப்படாத பல்லாயிரவர். டயரின் விலாவிலே இடம்பெற்றது ஒரு பெயர். அந்த ஒரு பெயருக்கு உரியவருங்கூடத் தம் முகத்துக்காக வாதாட வேண்டியிருந்தது.

எங்கள் மலைகளிலும் தோட்டத்தின் பெயரைத் துரைமார் இட்டார்கள். காட்டை வெட்டியவனின் பெயரால் ஒரு லயமும் அழைக்கப்படவில்லை. ஆதலால்தான் டன்லொப்பின் மனத்தாங்கல் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. புதுச் சாமான் வாங்கும் இளைஞர்கள் விலையையும் அளவையும் கேட்பதோடு, அது யார் யார் கைகளைக் கடந்து வந்தது என்றும் ஒருமுறை கேட்பார்களாயின், பெயர் பெற்ற அந்த வைத்தியருக்கும் பெயர் பெறாத எங்கள் பாட்டன் பாட்டிமாருக்கும் ஒருங்கே மரியாதை செய்தவர்களாவார்கள்.