குழந்தைகளை விட்டுப் பிரியாத டாக்டர்

போலந்து நாட்டில் டிரெப்ளிங்கா என்று ஓர் இடம் இருக்கிறது. தலைநகரான வார்சாவிலிருந்து சுமார் 80 கிலோ மீட்டர் தூரம். சுற்றிலும் காடு. நடுவே ஒரு வெட்டவெளி. அங்கே 17 ஆயிரம் கற்களை நட்டு வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஹிட்லரின் ஆட்கள் லட்சக்கணக்கான யூதர்களைக் கொன்ற இடம் அது. சில கற்களில் ஊர்களின் பெயர்கள் இருக்கின்றன. பெரும்பாலான கற்களில் எழுத்தே இல்லை. ஒரே ஒரு கல்லில் மட்டும் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது.

யானுஷ் கோர்ச்சாக் என்பது அந்தப் பெயர். அவர் ஒரு குழந்தை வைத்தியர். அரசரும் அல்ல, படைத்தலைவரும் அல்ல. அப்படியிருக்க, அவருக்கு மட்டும் ஏன் இந்தக் கௌரவம்?

வக்கீல் வீட்டுப் பிள்ளை

அவருடைய சொந்தப் பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட். வார்சாவில் ஒரு யூதக் குடும்பத்தில் ஜூலை 22-ந் தேதி பிறந்தார். தந்தை பிறப்பை உடனே பதிவு செய்யவில்லை. அதனால் பிறந்த ஆண்டு 1878 என்பாரும் உண்டு; 1879 என்பாரும் உண்டு.

தந்தை வக்கீல். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. ஆனால் தந்தைக்குச் சித்தம் கலங்கியது. சொத்து கரைந்தது. 1896ல் அவர் இறந்தபோது குடும்பம் வறுமையில் நின்றது. மாணவராக இருந்த மகன், பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்தார்.

1898ல் ஒரு இலக்கியப் போட்டிக்கு நாடகம் எழுதி அனுப்பினார். அதற்காக ஒரு நாவலில் வரும் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். அந்தப் பெயர்தான் யானுஷ் கோர்ச்சாக். அதுவே கடைசி வரை நிலைத்துவிட்டது.

டாக்டருக்குப் படித்துத் தேறினார். வார்சாவில் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தார். புத்தகங்களும் எழுதினார். பெயரும் புகழும் வந்தன. பணக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர்களிடம் பீஸ் வாங்கினார். ஏழைகளுக்கு இனாமாக வைத்தியம் செய்தார்.

ஆனாலும் அவர் மனம் சமாதானம் அடையவில்லை. மருந்து கொடுத்துக் குழந்தையைக் குணப்படுத்தலாம். குணமான குழந்தை எங்கே போகிறது? பசியும் அழுக்கும் நிறைந்த அதே சந்துக்குத்தான். நோய் திரும்ப வர எத்தனை நாள் ஆகும்? மருந்து மட்டும் போதாது, குழந்தை வளரும் இடமே மாற வேண்டும் என்று கண்டார்.

1912ல் வார்சாவின் குரோக்மால்னா தெருவில் யூத அனாதைக் குழந்தைகளுக்கு ஒரு விடுதி திறந்தார்கள். கோர்ச்சாக் அதன் தலைவரானார். ஆஸ்பத்திரி வேலையை விட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடுதியின் மாடி மேல் அறையில் குடியிருந்தார். ஸ்டெபானியா வில்ச்சின்ஸ்கா என்ற பெண்மணி விடுதிக்குத் தாயாக இருந்து உதவினார்.

டாக்டர் மீது வழக்கு

அந்த விடுதியைப் பார்த்தவர்கள் வியந்தார்கள். அங்கே குழந்தைகளுக்கு என்று ஒரு கோர்ட் இருந்தது. நீதிபதிகளும் குழந்தைகளே! ஒருவன் மற்றவனை அடித்தாலோ, பொருளைப் பறித்தாலோ, அங்கே வழக்குப் போடலாம். சட்டமும் எழுதி வைத்திருந்தார் டாக்டர். அதில் பெரும் பகுதி, மன்னிப்பதைப் பற்றியது.

ஆசிரியர்கள் மீதும் வழக்குப் போடலாம். டாக்டர் மீதும் போடலாம். ஆறு மாதத்தில் ஐந்து முறை அவரே தம் மீது வழக்குப் போட்டுக்கொண்டார். ஒரு பையனின் காதில் அறைந்தது ஒரு குற்றம். ஒரு சிறுமியைத் திருடி என்று சந்தேகப்பட்டது இன்னொரு குற்றம். பெரிய டாக்டர், சின்னஞ்சிறு நீதிபதிகள் முன்னால் தலை குனிந்து நின்றார்.

இது வேடிக்கை அல்ல. குழந்தை என்பது நாளை மனிதனாகப் போகிற பொருள் அல்ல, இன்றைக்கே அது ஒரு முழு மனிதப் பிறவி என்பது அவர் கொள்கை. பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதையைக் குழந்தைக்கும் காட்ட வேண்டும் என்றார்.

1926ல் குழந்தைகளே எழுதும் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். ஒரு தினசரியின் இணைப்பாக அது வெள்ளிக்கிழமை தோறும் வந்தது. சிறுவன் ஒருவன் ராஜாவாகும் கதையை எழுதினார். அது பல மொழிகளில் வந்தது. பின்னர் ரேடியோவிலும் பேசினார். யூதர் என்றால் வெறுப்புக் காட்டிய காலம் அது. அதனால் பெயரைச் சொல்லாமல், வயதான டாக்டர் என்று மட்டும் அறிவித்தார்கள். நாடே காது கொடுத்துக் கேட்டது.

மதிலுக்குள்ளே

1939 செப்டம்பரில் ஹிட்லரின் படை போலந்தில் புகுந்தது. பாலஸ்தீனத்தில் பத்திரமாக இருந்த ஸ்டெபானியா, அந்த ஆண்டில்தான் குழந்தைகளைத் தேடி வார்சாவுக்குத் திரும்பி வந்திருந்தார்.

1940ல் யூதர்களை எல்லாம் நகரின் ஒரு பகுதியில் அடைத்துச் சுற்றிலும் மதில் எழுப்பினார்கள். நாலு லட்சம் பேருக்கு மேல் அதற்குள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். விடுதியையும் உள்ளே மாற்ற உத்தரவு வந்தது. மாறிய அன்று குழந்தைகளின் உருளைக்கிழங்கு வண்டியை ஜெர்மானியர் பறித்துக்கொண்டார்கள். டாக்டர் நேரே போய்ச் சண்டை போட்டார். யூதர்கள் கையில் கட்டவேண்டிய பட்டையையும் அவர் கட்டியிருக்கவில்லை. சிறையில் தள்ளினார்கள். விடுதியில் வளர்ந்து ஆளான பழைய பிள்ளைகள் முயன்று அவரை வெளியே கொண்டுவந்தார்கள்.

விடுதியில் குழந்தைகள் சுமார் 200 பேர். டாக்டருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தினமும் வீடு வீடாகப் போய் ரொட்டிக்கும் பணத்துக்கும் கை ஏந்தினார். மதிலுக்கு வெளியே இருந்த நண்பர்கள் அவரைத் தப்ப வைக்கப் பலமுறை முயன்றார்கள். அவர் ஒரு முறையும் சம்மதிக்கவில்லை.

1942 ஜூலை 18-ந் தேதி விடுதிக் குழந்தைகள் ஒரு நாடகம் நடித்தார்கள். நம் ரவீந்திரநாத் தாகூர் எழுதிய தபால் நிலையம்தான் அது! வியாதியால் அறைக்குள் அடைபட்ட சிறுவன், ராஜாவின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் கதை. கடைசியில் அவன் அமைதியாகக் கண் மூடுகிறான். சாவைப் பயமில்லாமல் ஏற்கக் குழந்தைகள் பழகட்டும் என்றே டாக்டர் அந்த நாடகத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்வார்கள்.

கடைசி ஊர்வலம்

நாலே நாளில், அவர் பிறந்த தினமான ஜூலை 22-ந் தேதி, மதிலுக்குள் இருந்தவர்களை ரயிலில் ஏற்றும் வேலை தொடங்கியது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் விடுதியின் முறை வந்தது.

குழந்தைகள் வரிசையாக நடந்தார்கள். முன்னால் டாக்டர் நடந்தார். ஸ்டெபானியாவும் மற்ற ஆசிரியர்களும் கூடவே போனார்கள். கூச்சல் இல்லை, அழுகை இல்லை. வழியில் நின்று பார்த்தவர்கள் கலங்கிப் போனார்கள்.

ரயில் நின்ற இடத்தில் ஒரு யூத அதிகாரி டாக்டரை அழைத்தார். யூதர் சபையிடம் போய் முறையிட்டுப் பார்க்கலாம் என்றார். அதற்குள் குழந்தைகளை ஏற்றிவிட்டால் என்ன ஆவது? அவர்களை ஒரு நிமிஷமும் தனியே விட முடியாது என்று டாக்டர் மறுத்தார். குழந்தைகளோடு தாமும் வண்டி ஏறினார்.

வண்டி டிரெப்ளிங்காவுக்குப் போயிற்று. குளிக்கும் இடம் என்று ஏமாற்றி, விஷப் புகை அறையில் அடைத்துக் கொல்லும் முகாம் அது. போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

இன்று அங்கே

1943 ஆகஸ்ட் 2-ந் தேதி அந்த முகாமின் கைதிகள் கலகம் செய்தார்கள். பிறகு நாஜிகள் கட்டடங்களை இடித்தார்கள். நிலத்தை உழுது விதை தூவினார்கள். செய்த பாவத்தை மண்ணுக்குள் மறைக்கப் பார்த்தார்கள். எட்டு லட்சம் பேருக்கு மேல் அங்கே மாண்டிருந்தார்கள்.

ஆகையால் இன்று போகிறவர்கள் அங்கே கொட்டகையையோ மதிலையோ பார்க்க முடியாது. தண்டவாளம் இருந்த இடத்தில் கட்டைகளைப் போல் சிமெண்டுப் பாளங்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். அதை ஒட்டி நடந்தால் நினைவுத் தூண் தெரியும். உயரம் 8 மீட்டர். அதைச் சுற்றித்தான் கற்கள். 1964ல் இந்த நினைவுச் சின்னத்தைத் திறந்து வைத்தார்கள். பக்கத்தில் சிறிய அருங்காட்சியகமும் உண்டு.

டாக்டரின் கல்லில் அவர் பெயர் மட்டும் இல்லை. குழந்தைகளும் என்று சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அவரைத் தனியாக நினைக்க யாருக்கும் மனம் வரவில்லை. வருகிறவர்கள் அந்தக் கல்லின் மீது பூவும், யூதர் வழக்கப்படி கூழாங்கல்லும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

1978ல் குழந்தைகளின் உரிமைக்காக உலக நாடுகள் எல்லாம் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்று முதலில் கேட்டது போலந்துதான். 1989ல் ஐக்கிய நாடுகள் சபை அதை ஏற்றது. 1992ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. குழந்தையின் பேச்சுக்குப் பெரியவர்கள் காது கொடுக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி இருக்கிறது. குரோக்மால்னா தெருவில், எட்டு வயது நீதிபதியின் முன் கைகட்டி நின்ற டாக்டர் அதைத்தான் செய்து காட்டினார்.