இரண வைத்தியர் பர்சிவல் பாட்

தொழில் மனிதனுக்கு உணவளிக்கின்றது, உடையளிக்கின்றது, ஊரார் நடுவே மதிப்பும் அளிக்கின்றது. ஆயின் அத்தொழிலே செய்வோன் உடலுட் புகுந்து, பல்லாண்டு ஒளிந்திருந்து, ஈற்றில் அவன் உயிரைக் கவர்வதும் உண்டென்பதை உலகம் நெடுங்காலம் அறிந்திலது. தொழிலிடத்துப் படியும் ஒரு பொருளே புற்றுநோயை விளைக்கும் என்னும் உண்மையைத் தெளிவுற எழுதி வைத்த முதல்வராக மதிக்கப்பெறும் பர்சிவல் பாட் என்பாரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பாட், 1714-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில், பிற்காலத்தில் இங்கிலாந்து வங்கி எழுந்த திரெட்நீடில் வீதியில் பிறந்தார். மழலை மாறாப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். பின்னாளில் ராச்செஸ்டர் அத்தியட்சராய் விளங்கிய உறவினர் ஒருவரது ஆதரவால் அவரது கல்வி தடையின்றி நடந்தேறியது. 1729-இல், பதினைந்தாம் வயதில், பர்த்தொலொமேயு மருத்துவமனையின் இரண வைத்தியர் எட்வர்டு நூர்ஸ் என்பாரிடம் மாணாக்கராய் அமர்ந்து ஏழாண்டு பயின்றார். அந்நாளில் இரண வைத்தியரும் நாவிதரும் ஒரே சங்கத்தினராய் இருந்தனர் எனின், அத்தொழிலுக்கு இருந்த மதிப்பு இத்தகையதென்பது எளிதிற் புலனாகும். 1749-இல் பாட் அம்மருத்துவமனையின் முழு இரண வைத்தியராகி, 1787-ஆம் ஆண்டுவரை அவ்விடத்தே தொண்டாற்றினார். புகழ்பெற்ற ஜான் ஹண்டரும் அவர்பால் பயின்றவரே.

1756-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு விபத்து அவரது பண்பை நன்கு விளக்கும். பழைய கெண்ட் சாலை வழியே குதிரைமீது சென்றவர் கீழே வீழ்ந்தார். கால் எலும்பு முறிந்து தோலையும் கிழித்து வெளிப்போந்தது. தம்மை அசைப்பின் தீங்கு மிகுமென்று உணர்ந்த அவர், எவரையும் தொடவிடாது தரையிலேயே கிடந்தார். சிவிகை சுமப்போர் இருவரைத் தம் தண்டுகளுடன் வரவழைத்து, கதவொன்றை விலைக்கு வாங்கி, தண்டுகளை அதன்கண் ஆணியால் அறைவித்து, அதன்மேற் கிடந்தவாறே இல்லம் சேர்ந்தார். அக்காலத்தில் இத்தகைய முறிவுக்குக் காலைத் துணிப்பதே வழக்கம். வைத்தியர் கூடிக் கருவிகளையும் எடுத்து வைத்துவிட்டனர். அத்தறுவாயில் வந்து சேர்ந்த ஆசிரியர் நூர்ஸ், காலைக் காக்க இயலும் என்றார். அங்ஙனமே கால் காக்கப்பட்டது. நோய்ப் படுக்கையிலிருந்த நாட்களையும் வீணாக்காது பாட் நூலெழுதத் தொடங்கினார். கணுக்கால் முறிவொன்றும், முதுகெலும்பை வளைக்கும் நோயொன்றும் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

எனினும் எம் உள்ளத்தை உருக்கிய பகுதி இவையல்ல. அந்நாளில் இலண்டன் வீடுகள் நிலக்கரியால் குளிர் காய்ந்தன. குறுகிய புகைபோக்கிகளினுள் ஏறிக் கரியைச் சுரண்டப் பெரியோரால் இயலாது. ஆதலின் ஏழைச் சிறுவர் அத்தொழிலில் அமர்த்தப்பட்டனர். ஐந்தாறு வயதுக் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். சூடு தணியாத இருண்ட குழாய்களுள், சிலபோது ஆடையுமின்றி, முழங்கையும் முழங்காலும் தேய அவர்கள் ஏறினர். கரிமூட்டைகளே அவர்தம் படுக்கை, குளிப்பதோ அரிது. அந்தோ! பிறர் இல்லம் வெம்மை பெற இப்பிள்ளைகள் பட்ட பாடு இதுவாகும்.

இச்சிறுவர் வளர்ந்து ஆளான பின்னர், விதைப்பையின் தோலில் புண்ணொன்று தோன்றும். தொழிலாளர் அதனைக் கரிப்பரு என்றனர். வைத்தியரோ, அது தீயொழுக்கத்தால் வந்த மேகநோய் என்று கருதி, இரசமருந்தை ஊட்டினர். நோயோடு பழியும் சேர்ந்தது. புண்ணோ ஆறாது பெருகி உயிரைக் குடித்தது. 1775-இல் பாட் வெளியிட்ட நூலின் சில பக்கங்கள் இப்பழியைத் துடைத்தன. இது புற்றுநோயே என்றும், தோலின் மடிப்புகளில் தங்கும் புகைக்கரியே இதன் காரணம் என்றும், நோய் உட்பரவுமுன் அப்பகுதியை அறுத்தெடுப்பதே உய்யும் வழி என்றும் அவர் எழுதினார். அச்சிறுவரது அவல வாழ்வைக் குறித்து இரங்கவும் அவர் மறந்திலர். இளமையிற் படிந்த கரி, ஆண்டுகள் பல கழிந்தபின் நோயாய் முளைக்கின்றது என்பதே இதன் உட்கிடை.

1788-ஆம் ஆண்டு டிசம்பரில், கடுங்குளிரில் தொலைவிலிருந்த நோயாளி ஒருவரைக் காணச் சென்ற பாட், குளிர் பற்றி நோயுற்று, 22-ஆம் நாள் உயிர் நீத்தார். எட்டு வயதிற்குட்பட்டோரை அத்தொழிலில் அமர்த்தலாகாதென்னும் சட்டம் பிறந்ததும் அதே ஆண்டிலேயாம். ஆயின் சட்டம் ஏட்டளவில் நின்றது. 1834, 1840, 1864 என மீண்டும் மீண்டும் சட்டங்கள் வந்தும், 1875-இல் ஒரு சிறுவன் புகைபோக்கியில் சிக்கி மாண்ட பின்னரே இக்கொடுமை முடிவுற்றது. உண்மை வெளிப்பட்ட நாளினின்று சரியாக நூறாண்டு! காரணம் அறியாமையன்று; கரி துடைக்கும் கருவிகள் இருந்தும், பழக்கமும் சிக்கனமும் குழந்தையின் உயிரினும் பெரியனவாய்த் தோன்றின.

பாட் கண்டது பிற்காலத்தில் உறுதிபெற்றது. ஐரோப்பாவின் பிற நாடுகளில் இத்தொழிலாளர் உடலை மூடும் உடை அணிந்து நாளும் குளித்தமையால் இந்நோய் அங்கு அரிதென்பதை, அதே மருத்துவமனையைச் சார்ந்த பட்லின் 1892-இல் காட்டினார். 1915-இல் ஜப்பானியராகிய யமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் பன்முறை கரித்தாரைப் பூசிப் புற்றை உண்டாக்கினர். 1933-இல் இலண்டன் அறிஞர் கரித்தாரினின்று அந்நஞ்சையே பிரித்தெடுத்தனர்.

இக்கதை பழங்கதையாய் முடிந்திருப்பின் நலமே. ஆயின் கரியின் இடத்தைக் கல்நார் பற்றிக்கொண்டது. தீயில் வேகாத அவ்விழை, கப்பல்களிலும் ஆலைகளிலும் கூரைகளிலும் பெரிதும் பயன்பட்டது. அதன் நுண்துகள் மூச்சின்வழி நுரையீரலிற் புகுந்து கரையாது தங்குகின்றது. கல்நார்த் தொழிலாளரிடையே நுரையீரற் புற்று மிகுதல் 1955-இல் ரிச்சர்டு டால் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. நுரையீரலை மூடிய சவ்விற் புற்று எழுதலைத் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் துணைவரும் 1960-இல் விளக்கினர். இருபது, முப்பது, நாற்பது ஆண்டு கழிந்தும் இந்நோய் தோன்றும். துகளைச் சுவாசித்தவன் ஆலையை விட்டு நீங்கி முதியோனாகிய பின்னரே நோய் வருதலின், அதற்கு ஆலையே காரணம் என்பது எளிதில் மறைக்கப்படுகின்றது. இதனை உணர்ந்தே நம் உச்ச நீதிமன்றம் 1995-இல், கல்நார்த் தொழிலாளரது உடல்நிலைக் குறிப்புகளை வேலையில் சேர்ந்தது முதல் 40 ஆண்டு, அல்லது ஓய்வுக்குப்பின் 15 ஆண்டு, இவற்றுள் பிந்தியது எதுவோ அதுவரை காத்தல் வேண்டுமென ஆணையிட்டது. இங்கிலாந்து 1999-இல் கல்நாரை அறவே விலக்கியது. நம் நாட்டிலோ கல்நார்த் தகடுகள் இன்னும் கூரையாகின்றன. அவற்றை அறுப்போனும் உடைப்போனும் பெரும்பாலும் ஏழையே.

பாட் என்னும் பெயர் நோய்களின் பெயரோடு நின்று நிலவுகின்றது. அவர் கண்ட சிறுவர் பெயரையோ நாம் அறியோம். அவர்கள்பால் அவர் காட்டிய கவனமே அவரது உண்மைப் பெருமை என எண்ணுகின்றோம். மாணவ நண்பர்காள்! நம்மிற் சிலர் மருத்துவராவோம். சிலர் ஆலைகளை நடத்துவோம். சிலர் சட்டம் செய்வோம். நமக்காக உழைப்போன் எதனைச் சுவாசிக்கின்றான் என்று இன்றே கேட்போமாக. விடை கிடைத்தபின் மற்றுமொரு நூறாண்டு காத்திராதிருப்போமாக.