தூரிகையில் நின்ற நேர்மை

எழுத்து பொருளை உணர்த்தும் கருவி மட்டுமன்று. எழுதியவரின் பண்பைக் காட்டும் கண்ணாடியுமாகும் என்பது சீன அறிஞர் கொள்கை. அதற்குச் சான்றாய் நிற்பவர், தாங் பேரரசுக் காலத்து யென் சென்சிங் (709-785) ஆவார். அவர்தம் வாழ்வையும் வனப்பெழுத்தையும் இணைத்தே நாம் நோக்குதல் வேண்டும்.

கல்வியிற் சிறந்த குடியில் தோன்றிய அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். 734-இல் அரசுத் தேர்வில் வென்றார். நான்காம் நூற்றாண்டினரான வாங் ஷீஜியின் நளினமான நடையே அன்று எழுத்துக் கலைக்கு இலக்கணமாய் விளங்கியது. யென் அம்மரபைக் கற்றார். விரைவெழுத்தில் வல்ல சாங் ஷூவிடம் தூரிகை நுட்பம் பயின்றார். தூரிகை நுனியைக் கோட்டின் நடுவே மறைத்துச் செலுத்தும் திறத்தைப் பழைய முத்திரை எழுத்திலிருந்து கைக்கொண்டார். 752-இல் எழுதிய தோபாவ் கோபுரக் கல்வெட்டில் ஒழுங்கு மிகுந்துள்ளது. அவருக்கே உரிய பெருமிதம் பின்னரே முழுமையாக மலர்ந்தது.

755-இல் தளபதி ஆன் லூஷான் பேரரசருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தான். பிங்யுவான் ஆளுநராயிருந்த யென், மழையைக் காரணம் காட்டி முன்னரே மதிலை வலுப்படுத்தி, அகழியை ஆழப்படுத்தியிருந்தார். அண்டைப் பகுதிகள் வீழ்ந்தபோதும் அவர் எதிர்த்து நின்றார். அவருடன் இணைந்து போரிட்ட ஒன்றுவிட்ட தமையனாரும், அவர் மகன் சிமிங்கும் பகைவரால் கொல்லப்பட்டனர். 758-இல் சிமிங்கின் தலை மட்டுமே மீட்கப்பட்டது.

அம்மைந்தனுக்காக யென் எழுதிய இரங்கலுரையின் வரைவு இன்றும் தைபெய் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. தொடக்கத்தில் அமைதியாகச் செல்லும் எழுத்து, துயரம் பெருகப் பெருக விரைகின்றது, மை வறள்கின்றது, சொற்கள் அடிக்கப்பட்டும் திருத்தப்பட்டும் கிடக்கின்றன. அழகு கருதி எழுதப்படாத அத்தாள், வாங் ஷீஜியின் ஆர்க்கிட் மண்டப முன்னுரைக்கு அடுத்த நிலையில் போற்றப்படுகிறது. வாங் ஷீஜியின் மூலம் மறைந்து படிகளே எஞ்சியிருக்க, யென்னின் கைபட்ட தாளே நமக்குக் கிடைத்திருப்பது பெரும் பேறு.

முதுமையில் அவர் நடை முழு வலிமை பெற்றது. 780-இல் எழுதிய யென் குடும்பக் கோயில் கல்வெட்டில், கிடைக்கோடுகள் மெலிந்தும் நெடுங்கோடுகள் தூண்கள்போல் தடித்தும் அமைந்துள்ளன. எழுத்துகள் சாயாமல் நிமிர்ந்து, சதுரத்தை நிறைத்து நிற்கின்றன.

பகைமை கொண்ட அமைச்சரின் சூழ்ச்சியால், எழுபது வயதைக் கடந்த யென், கலகத் தலைவன் லீ ஷீலியேயிடம் தூதனுப்பப்பட்டார். பதவி காட்டி அழைத்தும் அச்சுறுத்தியும் அவர் பணியவில்லை. சிறைப்பட்ட நிலையில் 785-இல் கொல்லப்பட்டார்.

சோங் காலக் கவிஞர் சு ஷி அவர் எழுத்தைக் கலையின் உச்சமாகப் போற்றினார். இன்றும் எழுத்துக் கலை பயில்வோர் அவர் கல்வெட்டுப் படிகளை வைத்தே கை பழகுகின்றனர். அவர்கள் பழகுவது கோட்டின் வடிவை மட்டுமன்று. வளையாது நின்ற ஒரு வாழ்வின் வடிவையும் ஆகும். மாணவச் செல்வங்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.