காயம் ஆற்றிய முனிவர்

பீங்கான் தொழிலுக்குப் பேர்போன நம் விருத்தாசலத்தில், உடைந்த சில்லில் கையையோ காலையோ கீறிக்கொள்ளாதவர் யார்? கீறியதும் வேலியோரம் வெட்டுக்காயப் பூண்டைத் தேடும் பாட்டிமார் நம் வீடுகளில் உண்டு. இத்தகைய பச்சிலை வைத்தியத்தை மதித்த ஒரு வெளிநாட்டுத் துறவியை இங்கு நினைவுகூர்வோம்.

அவரே வீரமாமுனிவர். 1680 நவம்பர் 8-இல் இத்தாலியின் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தவர். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இயேசு சபைத் துறவியாகி, 1711-இல் மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்தார். காவியுடை அணிந்தார், தமிழைப் பிழையறக் கற்றார். நம் ஊருக்கு அருகே கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்கு ஆலயம் எழுப்பினார். 1726-இல் தேம்பாவணியையும் 1732-இல் சதுரகராதியையும் தந்தார். சித்த மருத்துவ நூல்கள் சிலவும் அவர் பெயரால் வழங்குகின்றன. ஆனால் அவை யாவும் அவர் எழுதியவை என்று அறிஞர்கள் ஒப்புவதில்லை.

அவர் பணியாற்றிய ஏலாக்குறிச்சியில் ஒரு வரலாற்றை வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அரியலூரை ஆண்ட ரங்கப்ப மழவராயருக்கு முதுகில் ராஜபிளவை கண்டது. அரண்மனை வைத்தியர்கள் கைவிட்டனர். பின்னர் அரசர் முனிவரை நாடினார். தவறினால் பழி அந்நியரான அவர்மேல் விழும். அவரை நம்பிய ஏழைக் கிறிஸ்தவர்களுக்கும் துன்பம் நேரும். ஆயினும் முனிவர் தயங்கவில்லை. அடைக்கல மாதாவை வேண்டி, மண்ணும் பச்சிலையும் வைத்துக் கட்டினார். புண் ஆறியது. நன்றி மறவாத அரசர் ஆலயத்துக்கு நிலம் வழங்கினார்.

ராஜபிளவை என்பது பல கொப்புளங்கள் ஒன்றுசேர்ந்து சீழ்வைக்கும் கட்டி. கிருமிகளால் உண்டாவது, நீரிழிவு உள்ளவர்களை அதிகம் தாக்கும். கிருமிக்கொல்லி மருந்துகள் இல்லாத அக்காலத்தில் அது உயிரையே குடிக்கும். இன்று நாம் பச்சிலையை மட்டும் நம்பியிருக்கலாகாது. காயத்தைச் சுத்தமான நீரால் கழுவ வேண்டும். ஆழமான வெட்டானால் உடனே மருத்துவமனைக்குச் சென்று, தேவையானால் இசிவுநோய்த் தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

முனிவர் 1747 பிப்ரவரி 4-இல் கேரளத்து அம்பழக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். பிறர் புண்ணைக் கண்டு முகம் சுளிக்காமல், கை நீட்டித் தொட்ட அந்த அன்பை நாமும் பழகுவோம். கோணான்குப்பம் செல்லும்போதெல்லாம் இதை நினைப்போமாக!