எம். விசுவநாதன்

எம். விசுவநாதன் (இறப்பு: 1996) சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர், இந்திய நீரிழிவு மருத்துவத்தின் முன்னோடி எனக் குறிப்பிடப்படுபவர். 1948 இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1954 இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவினார். இவருடைய மகன் வி. மோகனும் மருமகன் ஏ. இராமச்சந்திரனும் இத்துறை மருத்துவர்களே.

உணவுமுறை

இன்சுலின் ஊசி 1922 முதல் பயன்பாட்டில் இருந்தது. பின்னர் மாத்திரைகளும் வந்தன. எனினும் உடற்பருமன் உள்ள நோயாளியின் எடையைக் குறைப்பதும், குறைந்த எடை மீண்டும் ஏறாமல் காப்பதும் பெரிதும் உணவையே சார்ந்திருந்தன. இன்சுலின் சிலருக்கு எடையைக் கூட்டவும் செய்யும். அக்காலத்தில் மேலைநாட்டு வழக்கப்படி மாவுச்சத்தைப் பெரிதும் குறைத்த உணவு பரிந்துரைக்கப்பட்டது. சோறும் இட்டிலியும் உண்டு பழகியவர்கள் அதனை ஆயுள் முழுவதும் கடைப்பிடிப்பது அரிது.

விசுவநாதன் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த, கொழுப்புக் குறைந்த உணவுமுறையை முன்வைத்தார். இதில் சோறு விலக்கப்படவில்லை, அளவிடப்பட்டது. பருப்பு, பயறு, கீரை, காய்கறி ஆகியன கூட்டப்பட்டன. 1970களின் இறுதியில் இதன் பலன்களை ஆய்வாக வெளியிட்டார். இவரது பணிகளில் இதனையே தலையாயது எனலாம்.

பிற்காலம்

எடைகுறைப்புக்கான டிர்செபடைடு, செமாகுளுடைடு ஊசிகள் 2025 இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. செமாகுளுடைடு ஊசியையும் உடன் வழங்கப்பட்ட உணவு ஆலோசனையையும் ஒருசேர நிறுத்தியவர்கள், குறைந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை ஓராண்டில் மீண்டும் பெற்றதாக 2022 இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று காட்டியது.