ஐகோர்ட்டை கட்டிய காண்ட்ராக்டர்! கணித மேதைக்கு கடைசி வீடு கொடுத்த நம்பெருமாள் செட்டி

சென்னை ஐகோர்ட்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்க்காதவர்கள் குறைவு. அந்த சிவப்பு கோபுரத்தை வரைந்த வெள்ளைக்கார என்ஜினீயர் பெயர் புத்தகத்தில் இருக்கு. செங்கல் செங்கல்லாக அடுக்கி எழுப்பிய காண்ட்ராக்டர் யாருன்னு கேட்டால் பலருக்கும் தெரியாது. அவர்தான் தாட்டிகொண்டா நம்பெருமாள் செட்டி.

1856-ல் பிறந்தவர். தெலுங்கு பேசும் வைசிய குடும்பம். அந்தக் காலத்து மெட்ராசில் கட்டிட வேலை என்றாலே முதலில் வரும் பெயர் இவருடையதுதான்.

சிவப்பு கட்டிடங்கள்

ஐகோர்ட்டு கட்டிடம் 1892-ம் வருஷம் ஜூலை 12-ந்தேதி திறக்கப்பட்டது. செலவு கிட்டத்தட்ட 13 லட்சம் ரூபாய். அந்தக் காலத்து 13 லட்சம் என்றால் சும்மாவா! அதன் உயரமான கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமே எரிந்தது.

என்ஜினீயர் ஹென்றி இர்வின் வரைவார், நம்பெருமாள் செட்டி கட்டுவார். இந்த ஜோடி சேர்ந்து சென்னையின் முகத்தையே மாத்திப் போட்டது. 1896-ல் திறந்த கன்னிமரா நூலகம், ராஜாஜி சாலையில் இருக்கும் ஸ்டேட் பாங்க் கட்டிடம், ஐகோர்ட்டு பக்கத்தில் பழைய சட்டக்கல்லூரி, 1909-ல் திறந்த எழும்பூர் விக்டோரியா நினைவு மண்டபம் எல்லாம் இவர் கைவேலை. சென்ட்ரல் பக்கத்தில் உள்ள விக்டோரியா பப்ளிக் ஹாலையும் இவர்தான் கட்டினார். அதை வரைந்தவர் மட்டும் இர்வின் இல்லை, சிசோம்.

1914 செப்டம்பர் 22-ந்தேதி ராத்திரி எம்டன் கப்பல் குண்டு போட்டதே, அப்போது ஐகோர்ட்டு சுற்றுச்சுவரில் அடி விழுந்தது. கட்டிடம் அசையாமல் நின்றது.

கார் வாங்கிய முதல் இந்தியர்

தொழிலில் காசு கொட்டியது. மெட்ராசில் சொந்தமாக கார் வாங்கிய முதல் இந்தியர் இவர்தான் என்பார்கள். பிரான்சில் செய்த வண்டி, நம்பர் எம்.சி.3. சேத்துப்பட்டில் ஏகப்பட்ட நிலம், வீடுகள். 99 வீட்டோடு நிறுத்திக்கொண்டார், நூறு ஆகாதுன்னு நினைத்தார் என்று ஒரு பேச்சு உண்டு. செட்டிபேட்டைதான் சேத்துப்பட்டு ஆச்சு என்றும் சொல்வார்கள். ஆங்கிலேய அரசு ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டமும் கொடுத்தது.

கடைசி வீடு

ஆனால் கட்டிடத்தை விட பெரிய காரியம் ஒன்றை 1920-ல் செய்தார் செட்டி.

இங்கிலாந்து போய் உலகப் புகழ் பெற்ற கணித மேதை ராமானுஜன் 1919-ல் உடம்பு தேய்ந்து ஊர் திரும்பினார். கொடுமுடி, கும்பகோணம் என்று வைத்தியம் பார்த்தும் தேறவில்லை. சென்னைக்கு அழைத்து வந்தபோது சேத்துப்பட்டில் தன் வீட்டை ஒழித்துக் கொடுத்தார் நம்பெருமாள் செட்டி. படுத்த படுக்கையிலும் சிலேட்டும் காகிதமுமாக கணக்கு போட்டுக் கொண்டிருந்தார் ராமானுஜன். இன்றைக்கும் கணித உலகம் ஆராயும் மாக் தீட்டா சார்புகள் அந்த கடைசி மாதங்களில் எழுதியவை.

ஏப்ரல் 26-ந்தேதி ராமானுஜன் இறந்தார். வயசு 32. கடல் தாண்டிப் போனவர் என்பதால் ஆசாரம் பார்த்த சொந்தக்காரர்கள் பலர் காரியத்துக்கு வரவில்லை. சாதியும் வேறு, உறவும் கிடையாது. ஆனாலும் செட்டிதான் முன்னே நின்று இறுதிக் காரியத்துக்கு ஏற்பாடு செய்தார்.

அதற்குப் பிறகு ஐந்தே வருஷம். 1925 டிசம்பர் 3-ந்தேதி நம்பெருமாள் செட்டியும் காலமானார்.

பாரிமுனையில் பஸ்சுக்கு நிற்கிறவர்கள், வழக்குக்கு கோர்ட்டு ஏறுகிறவர்கள், எழும்பூரில் புத்தகம் தேடுகிறவர்கள் எல்லோரும் தினமும் அவர் கட்டிய சுவர் நிழலில்தான் ஒதுங்குகிறார்கள். பெயர் மறந்து போச்சு. சுவர் மட்டும் இன்னும் கெட்டியாக நிற்குது.