வானொலி இயலுக்கு வித்திட்ட சிசிர் குமார் மித்ரா

ஜகதீச சந்திர போஸ், சர் சி.வி. இராமன் என்ற இரு பெயர்களையும் அறியாத மாணவியர் நம் பள்ளியில் இருக்க மாட்டார்கள். அந்த இரு மேதைகளிடமும் பயின்று, அவர்கள் வழியில் சிறிது தூரம் சென்று, பிறகு தமக்கென்று ஒரு புதிய பாதையை வகுத்துக் கொண்ட ஒருவரை நாம் அதிகம் அறிந்திருக்கவில்லை. இந்தியப் பல்கலைக்கழகத்தில் வானொலி இயலை ஒரு பாடமாக்கி, அதற்கென ஆய்வகம் அமைத்து, வானத்தின் உயரத்தில் உள்ள மின் அடுக்குகளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் சிசிர் குமார் மித்ராதான் அவர். அவருடைய வாழ்வை அறிந்துகொள்வது நமக்குப் பெரும் பயன் தரும்.

தாயின் உழைப்பு

சிசிர் குமார் மித்ரா 1890-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டத்தைச் சேர்ந்த கொன்னகர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜெயகிருஷ்ண மித்ரா பள்ளி ஆசிரியர். தாய் சரத் குமாரி, திருமணமாகிக் குழந்தைகள் பிறந்த பின்னும் கல்கத்தாவிலிருந்த காம்பெல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து படித்தவர். படிப்பை முடித்ததும் பீகாரில் உள்ள பாகல்பூரில் லேடி டஃபரின் மருத்துவமனையில் அவருக்கு வேலை கிடைத்தது. குடும்பம் முழுவதும் அவரோடு பாகல்பூருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை அவ்வூர் நகராட்சியில் எழுத்தர் வேலையை ஏற்றுக்கொண்டார்.

இது எவ்வளவு பெரிய செய்தி என்பதை எண்ணிப் பாருங்கள். நம் அடையாற்றில் அவ்வை இல்லத்தையும் புற்றுநோய் மருத்துவமனையையும் தோற்றுவித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றது 1912-ஆம் ஆண்டில்தான். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு தாய் மருத்துவம் கற்று வெளியூருக்கு வேலைக்குச் சென்றார். அவருடைய வேலைக்காகக் கணவரும் ஊர் மாறி வந்தார்.

சிசிர் கல்லூரிப் படிப்பை முடிக்கும் முன்பே தந்தை காலமானார். தாயின் சம்பாத்தியமே குடும்பத்தைத் தாங்கியது. அந்த நிலையில் மகனின் படிப்பை நிறுத்தி ஏதேனும் ஒரு வேலையில் சேர்த்திருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். சரத் குமாரி அம்மையாரோ மகனைக் கல்கத்தா மாநிலக் கல்லூரிக்கு அனுப்பினார். அங்கேதான் சிசிர், ஜகதீச சந்திர போஸின் வகுப்பில் அமரும் பேற்றைப் பெற்றார். 1912-இல் இயற்பியலில் எம்.எஸ்ஸி. தேர்வில் முதலிடம் பெற்றுத் தேறினார்.

ஒளியிலிருந்து ஒலிபரப்புக்கு

பட்டம் பெற்றதும் போஸிடமே ஆராய்ச்சி செய்ய விரும்பினார். சிறிது காலம் செய்தும் வந்தார். ஆனால் வீட்டு நிலை அதற்கு இடம் கொடுக்கவில்லை. பாகல்பூர்க் கல்லூரியிலும், பிறகு பாங்குராவிலிருந்த கிறிஸ்தவக் கல்லூரியிலும் விரிவுரையாளராகப் பணியாற்றினார். அங்கே ஆராய்ச்சிக்கு வேண்டிய கருவிகள் இல்லை. ஆயினும் சும்மா இருக்கவில்லை. பொது மக்களுக்குப் புரியும்படி வங்க மொழியில் அறிவியல் கட்டுரைகள் எழுதினார்.

1916-இல் அவருக்கு நல்ல காலம் பிறந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தை உயர்த்திய சர் அசுதோஷ் முகர்ஜி, புதிதாகத் தொடங்கிய அறிவியல் கல்லூரிக்கு இளம் அறிஞர்களைத் தேடி அழைத்தார். அவர்களுள் மித்ராவும் ஒருவர். அடுத்த ஆண்டு, நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துத் தேறிய இராமன் அங்கே பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அவருடைய வழிகாட்டுதலில் மித்ரா ஒளியின் குறுக்கீட்டையும் விளிம்பு விலகலையும் ஆராய்ந்து 1919-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1920-இல் பாரிஸ் நகருக்குச் சென்று, சார்போன் பல்கலைக்கழகத்தில் ஷார்ல் ஃபாப்ரி என்ற ஒளியியல் அறிஞரிடம் பயின்று, 1923-இல் இரண்டாவது டாக்டர் பட்டமும் பெற்றார். இரண்டு முறை நோபல் பரிசு பெற்ற மேரி கியூரி அம்மையாரின் ரேடியம் நிலையத்திலும் சிறிது காலம் பணியாற்றினார்.

இப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. ஒளியியலில் இரண்டு டாக்டர் பட்டங்கள். ஊர் திரும்பினால் மதிப்பும் பதவியும் காத்திருந்தன. ஆனால் அவர் நான்சி என்னும் ஊருக்குச் சென்று, கமீல் கூத்தோன் என்ற பேராசிரியரிடம் மீண்டும் மாணவராகச் சேர்ந்தார். அங்கே கற்றது ஒளியியல் அன்று. வானொலி வால்வுகளும் அவற்றைக் கொண்டு அமைக்கும் மின்சுற்றுகளும் ஆகும்.

வால்வு செய்யும் மாயம்

இந்த வால்வு என்பது என்ன? காற்றை வெளியேற்றிய ஒரு கண்ணாடிக் குமிழ். பார்ப்பதற்குச் சிறு மின்விளக்கைப் போலவே இருக்கும். உள்ளே ஓர் இழை சூடேறும்போது அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, எதிரே உள்ள நேர்மின் தகட்டை நோக்கி ஓடும். இரண்டு முனைகள் கொண்ட இத்தகைய வால்வை 1904-இல் இங்கிலாந்தில் ஃபிளெமிங் கண்டார். 1906-இல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட், இழைக்கும் தகட்டுக்கும் நடுவே கம்பி வலை ஒன்றை வைத்தார். அதற்குக் கிரிட் என்று பெயர்.

கிரிட்டின் வேலை வாய்க்காலின் மடையைப் போன்றது. மடைப் பலகையைச் சிறிது அசைத்தால் போதும். பாயும் நீரின் அளவு பெரிதும் மாறிவிடும். அதுபோலக் கிரிட்டில் ஏற்படும் மிகச் சிறிய மின்னழுத்த மாறுதல், தகட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தைப் பெரிதாக மாற்றுகிறது. மெல்லிய குரல் பெரிய குரலாகிறது. இதுவே பெருக்கி.

பெருக்கியிலிருந்து வெளிவரும் ஆற்றலில் ஒரு பகுதியை, தக்க கணத்தில், மீண்டும் உள்ளேயே செலுத்தினால் என்ன ஆகும்? பள்ளி ஆண்டு விழாவில் ஒலிபெருக்கிக்கு மிக அருகில் மைக்கைக் கொண்டு போனால், கீ என்று காதைத் துளைக்கும் ஓசை எழுகிறது அல்லவா? யாரும் பேசாமலேயே அந்த ஓசை வருகிறது. ஒலிபெருக்கியின் ஓசை மைக்கில் புகுந்து, பெருகி, மீண்டும் ஒலிபெருக்கி வழியே வந்து, மறுபடியும் மைக்கில் புகுகிறது. இதற்குப் பின்னூட்டம் என்று பெயர். விழாவில் இது தொல்லை. ஆனால் இதையே அடக்கி ஆண்டால் அலையியற்றி கிடைக்கும்.

ஊஞ்சல் ஒருமுறை தள்ளினால் ஆடிக்கொண்டே போய் மெல்ல நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் சரியான தருணத்தில் சிறிது தள்ளிக்கொண்டிருந்தால் நில்லாமல் ஆடும். அலையியற்றியில் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்ததே ஊஞ்சல். வால்வே அதைத் தள்ளும் கை. சங்கிலியின் நீளத்தைப் பொறுத்து ஊஞ்சலின் வேகம் அமைவதுபோல, சுருளையும் மின்தேக்கியையும் பொறுத்து நொடிக்கு இத்தனை அதிர்வு என்பது அமையும். வானொலி நிலையத்தில் அலையைப் பிறப்பிப்பது அலையியற்றி. நம் வீட்டுப் பெட்டியில் வலுவிழந்து வந்து சேரும் அலையைக் காதுக்கு எட்டச் செய்வது பெருக்கி. இவ்விரண்டும் இல்லையேல் நாம் அறிந்த வானொலி இல்லை.

தாயகத்தில் ஒரு புதிய பாடம்

இக்கலையைக் கற்ற மித்ரா, அதைத் தம்மோடு வைத்துக்கொள்ள விரும்பவில்லை. இந்தியப் பல்கலைக்கழகத்திலும் இதைக் கற்பிக்க வேண்டும் என்று நான்சியிலிருந்தே அசுதோஷ் முகர்ஜிக்கு எழுதினார். அவரும் மனமுவந்து ஆதரித்தார். 1923-இல் திரும்பி வந்து கல்கத்தாவில் கைரா பேராசிரியர் பதவியை ஏற்ற மித்ரா, எம்.எஸ்ஸி. வகுப்பில் வானொலியை ஒரு பாடமாக்கினார். கம்பியில்லாத் தந்திக்கென்றே ஓர் ஆய்வகத்தை அமைத்தார். 1927-இல் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி கல்கத்தாவில் நிலையம் திறப்பதற்கு முன்பே, மித்ராவின் ஆய்வகத்து ஒலிபரப்பி நிகழ்ச்சிகளை வழங்கி வந்தது.

அதே காலத்தில் நம் சென்னையும் பின்தங்கி இருக்கவில்லை. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் ஆர்வலர் சிலரும் 1924 மே மாதம் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினர். அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் அதன் ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. அவர்களிடம் இருந்த ஒலிபரப்பியின் ஆற்றல் 40 வாட் மட்டுமே. வீட்டில் எரியும் ஒரு பழைய குண்டு பல்பின் அளவு! பணமின்மையால் 1927-இல் கிளப் மூடப்பட்டது. ஆனால் அதன் கருவி மாநகராட்சியின் கைக்கு வந்து, 1930 ஏப்ரல் முதல் மாநகராட்சி வானொலி ஒலித்தது. மெரினாவில் மாலை நேரத்தில் ஒலிபெருக்கி வழியே மக்கள் கூடிநின்று பாட்டுக் கேட்டார்கள். 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. சென்னையில் ஆர்வலர்கள் ஒலிபரப்பை மக்களிடம் கொண்டு சென்றார்கள்; கல்கத்தாவில் மித்ரா அதன் அறிவியலை மாணவர்களிடம் கொண்டு சென்றார். இரண்டும் நாட்டுக்குத் தேவையாக இருந்தன.

வானத்தின் கண்ணாடி

பூமி உருண்டையானது, வானொலி அலையோ நேர்க்கோட்டில் செல்ல வேண்டியது. அப்படியிருக்க, கடல் கடந்த ஊருக்கு அது எப்படிப் போய்ச் சேருகிறது? வானத்தில் மின்தன்மை கொண்ட அடுக்கு ஒன்று கண்ணாடி போல அலையைத் திருப்பி அனுப்புகிறது என்று சிலர் கருதினர். 1924-இல் இங்கிலாந்தில் ஆப்பிள்டன் அதை மெய்ப்பித்தார். சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மேல்வளியில் உள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுப்பதால் இவ்வடுக்குகள் உண்டாகின்றன. இப்பகுதிக்கு அயனி மண்டலம் என்று பெயர். அதில் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது ‘இ’ அடுக்கு.

1930-இல் மித்ராவும் அவருடைய மாணவர்களும், இந்திய வானிலும் ‘இ’ அடுக்கு இருப்பதைச் சோதனை மூலம் காட்டினர். நிலத்தை ஒட்டி வரும் அலையும் வானிலிருந்து திரும்பி வரும் அலையும் ஒன்றுசேரும்போது, சில வேளை வலுக்கும், சில வேளை மங்கும். இராமனிடம் மித்ரா ஒளியில் கண்ட குறுக்கீடு இதுதான்! இளமையில் கற்ற ஒளியியல் வீண்போகவில்லை. இரவில் தொலைதூர வானொலி நிலையங்கள் பகலைவிடத் தெளிவாகக் கேட்டன என்று நம் தாத்தா பாட்டிமார் சொல்வார்கள். அதற்குக் காரணமும் இங்கே உள்ளது. பகலில் தாழ்வான ஓர் அடுக்கு மத்திய அலைகளை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அவ்வடுக்கு கலைந்துவிட, மேலடுக்குகள் அலைகளைத் தடையின்றித் திருப்பி அனுப்புகின்றன.

மேல்வளியைப் பற்றி அதுவரை அறிந்த அனைத்தையும் திரட்டி மித்ரா ஆங்கிலத்தில் எழுதிய பெருநூல் 1947-இல், நாடு விடுதலை பெற்ற ஆண்டில், கல்கத்தா ஆசியக் கழகத்தின் வெளியீடாக வந்தது. உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் அதைப் போற்றினர். 1952-இல் இரண்டாம் பதிப்பும், பின்னர் ரஷ்ய மொழிபெயர்ப்பும் வெளிவந்தன. 1949-இல் பல்கலைக்கழகத்தில் வானொலி இயற்பியலுக்கும் மின்னணுவியலுக்கும் தனித்துறை உருவாயிற்று. ஆய்வகத்தின் ஒரு மூலையில் தொடங்கிய பாடம், கால் நூற்றாண்டில் ஒரு பெரிய கல்விக்கூடமாக வளர்ந்தது.

இறுதி நாட்கள்

1955-இல் பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அவரை மேற்கு வங்க அரசு விடவில்லை. உயர்நிலைப் பள்ளிக் கல்விக் குழுவைச் சீர்ப்படுத்தும் பொறுப்பை ஒப்படைத்தது. வானத்தை அளந்தவர், நம்மைப் போன்ற மாணவ மாணவியரின் பொதுத் தேர்வுகளைக் கவனிக்கும் வேலையைச் சிறிதென்று தள்ளாமல் சில ஆண்டுகள் செய்தார். 1958-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. 1962-இல் பத்மபூஷண் விருதும் தேசியப் பேராசிரியர் என்ற சிறப்பும் அவரை அடைந்தன. 1963 ஆகஸ்ட் 13-ஆம் நாள் அவர் மறைந்தார். நிலவின் மறுபக்கத்தில் உள்ள பெரும் பள்ளம் ஒன்று மித்ரா என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்புத் தோழியரே! மித்ரா கற்ற கண்ணாடி வால்வுகள் இன்று அநேகமாக மறைந்துவிட்டன. 1947-இல் பிறந்த டிரான்சிஸ்டர் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் நம் கைப்பேசிக்குள்ளும் பெருக்கியும் அலையியற்றியும் இருக்கின்றன. பின்னூட்டம் என்ற அதே தத்துவம் அங்கும் வேலை செய்கிறது. கருவி மாறினாலும் கற்ற அறிவு நிலைக்கும். ஒரு துறையில் உயர்ந்த பின்னும் மற்றொன்றில் முதல் வகுப்பு மாணவராக அமர அவர் தயங்கவில்லை. வெளிநாட்டில் கற்றதைத் தாய்நாட்டின் வகுப்பறையில் கொண்டுவந்து வைத்தார். பின்வந்தவர்கள் அதைக் கற்க ஊர்விட்டு ஊர் போக வேண்டியதில்லை என்ற நிலையை உண்டாக்கினார். அவருக்குப் பின்னால், கணவரை இழந்த பின்னும் மனம் தளராமல் மருத்துவமனைப் பணியாற்றி மகனைப் படிக்க வைத்த ஒரு தாயும் இருந்தார். மித்ராவைப் புகழும்போது சரத் குமாரி அம்மையாரையும் நாம் மறவாது நினைப்போமாக!

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு